சால்வைக்கு முன்னால் ஒரு தாள்: தீயணைப்போரையும் மீட்போரையும் கௌரவிக்க நினைப்பவர்களுக்கு

கேள்வியின் சாரம் இது. கேட்டவருடைய குடியிருப்பில் இரவு நேரத்தில் தீப்பிடித்து, மாடியில் ஒரு குடும்பம் சிக்கிக்கொண்டது. பக்கத்துத் தெரு இளைஞர்கள் இருவர் முதலில் ஓடிவந்தார்கள். பிறகு தீயணைப்பு வண்டியும் 108 ஆம்புலன்ஸும் வந்தன. எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். குடியிருப்போர் நலச் சங்கம் அவர்களுக்குப் பாராட்டு விழா எடுக்க விரும்புகிறது. சால்வை, கேடயம் என்று முடித்துக்கொள்ளாமல் அரசுப் பதக்கத்துக்கும் பரிந்துரைக்க முடியுமா, முடியுமென்றால் யாரிடம், எப்படி என்று கேட்டிருக்கிறார்.

முடியும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விருதுக் கோப்புகள் வந்துசேரும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். பதக்கம் கிடைக்காமல் போனவர்களில் பெரும்பாலோர் துணிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் செய்தது இன்னதென்று அந்த வாரத்திலேயே யாரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். "தன் உயிரைத் துச்சமென மதித்து, அர்ப்பணிப்பு உணர்வோடும் தன்னலமற்ற சேவை மனப்பான்மையோடும்" என்று தொடங்கும் பரிந்துரைகள் கட்டுக்கட்டாக வரும். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் அவற்றில் எதையும் எவருக்கும் பொருத்திவிடலாம். அப்படிப்பட்ட தாளைப் படிக்கிற தேர்வுக் குழு, பாவம், எதைக் கொண்டு ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறியும்?

ஒரே ஒரு பரிந்துரை மட்டும் இன்றும் எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. பாழ்கிணற்றில் மோட்டாரை எடுக்க இறங்கியவர் மயங்கி விழுந்துவிட்டார். அவரைத் தூக்க இறங்கிய அண்ணனும் மயங்கிவிட்டார். பரிந்துரையை எழுதியவர் பக்கத்து வயல்காரர். கோட்டுத்தாளில், பென்சிலால் எழுதியிருந்தார். தீயணைப்புக்காரர் முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினார், அது பாதி ஆழத்திலேயே அணைந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகும் மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு அவர் இறங்கினார். முதல் ஆளைக் கட்டி மேலே அனுப்பினார். இரண்டாவது ஆளைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் முதுகிலிருந்த உருளையில் விசில் ஊதத் தொடங்கியது, மேலே நின்ற எங்களுக்கே கேட்டது. அதிகாரி "ஏறி வா, ஏறி வா" என்று கத்தினார். முடிச்சைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஏறினார். இவ்வளவுதான் அந்தத் தாளில் இருந்தது. உருளையில் காற்று தீரப்போகிறது என்பதற்கான எச்சரிக்கையே அந்த விசில் என்பது வயல்காரருக்குத் தெரியாது. ஆனால் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருந்தார். கோப்பைப் படித்த தீயணைப்புத் துறை அதிகாரி அந்த வரியில் விரலை வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். 'துச்சமென மதித்து' என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

இது நமக்குப் புதிய வழக்கமும் அல்ல. நம் ஊர்களின் நடுகற்களை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் அந்தக் கற்களில் புகழுரை குறைவு. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், எந்தப் பூசலில் என்ன செய்து பட்டான் என்ற செய்திதான் மிகுதி. ஊருக்குள் புகுந்த புலியோடு போராடி மாண்டவனுக்குக் கொங்கு நாட்டில் புலிக்குத்திக் கல் உண்டு. அந்தக் காலத்தின் மீட்புப் பணி என்று அதைத்தான் சொல்ல வேண்டும். செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூரில் உள்ள நடுகல், மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் எழுத்தில் இருக்கின்றன. ஒரு நாயின் பெயரையும் அது கடித்த கள்வரின் எண்ணிக்கையையும் ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் காப்பாற்றித் தந்த சமூகம், சென்ற மாதம் நம் தெருவுக்கு வந்த தீயணைப்போரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் விட்டுவிடுகிறது.

இனி, எந்த விருது யாருக்கு என்பதைப் பார்ப்போம். இதில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். 'அண்ணா பதக்கம்' என்ற பெயரில் தமிழகத்தில் இரண்டு உண்டு. குடியரசு நாள் விழாவில் முதலமைச்சர் அணிவிப்பது வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம். அது பொதுமக்களுக்கும் உண்டு, அரசு ஊழியர்களுக்கும் உண்டு. பதக்கத்தோடு 1 லட்சம் ரூபாயும் சான்றிதழும் வழங்கப்படும். செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளையொட்டி அறிவிக்கப்படுவது சீருடைப் பணியாளர்களுக்கான முதலமைச்சரின் அண்ணா பதக்கம். காவல், தீயணைப்பு, சிறை, ஊர்க்காவல் படை ஆகிய துறைகளில் சிறந்து பணியாற்றியவர்களுக்கு அது துறையின் வழியாகவே போகும். பொங்கலையொட்டி வரும் முதலமைச்சரின் தீயணைப்புப் பணிப் பதக்கமும் அத்தகையதே. அதைப் பெறுபவருக்கு மாதந்தோறும் ஒரு சிறு பதக்கப்படி கிடைக்கும். ஆகவே பக்கத்துத் தெரு இளைஞர்கள் இருவரையும் குடியரசு நாள் பதக்கத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். தீயணைப்போரைப் பொறுத்தவரை, சங்கம் நேரடியாக விண்ணப்பிப்பதைவிட, நடந்ததை விவரித்து மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுப்பது பலன் தரும். பரிந்துரை எழுத உட்காரும் அதிகாரியின் மேசையில் வெளியாள் ஒருவரின் சாட்சி இருப்பது சாதாரணமான விஷயமல்ல.

பெண்களாக இருந்தால், சுதந்திர நாளில் வழங்கப்படும் துணிவுக்கும் சாகசச் செயலுக்குமான கல்பனா சாவ்லா விருது இருக்கிறது. அதற்கு 5 லட்சம் ரூபாய். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் குளிக்க இறங்கிய இளைஞர்கள் நால்வர் ஆழத்தில் சிக்கினார்கள். அங்கே இருந்த பெண்கள் மூவர் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளைக் களைந்து வீசி இருவரைக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரை அவர்களால் எட்ட முடியவில்லை. சில நாள்களுக்குள் வந்த சுதந்திர நாளிலேயே அந்த மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது வழங்கப்பட்டது. அரசு இயந்திரம் நினைத்தால் எவ்வளவு விரைவாக ஓடும் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் எடுத்துக்காட்டு இது.

மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா பதக்கம் 1961இல் ஏற்படுத்தப்பட்டது. நீரில் மூழ்குதல், தீ, விபத்து, மின்சாரம் தாக்குதல், நிலச்சரிவு, விலங்குகளின் தாக்குதல் போன்றவற்றிலிருந்து பிறர் உயிரைக் காத்தவர்களுக்கு உரியது. சர்வோத்தம், உத்தம், ஜீவன் ரக்ஷா என்று மூன்று படிநிலைகள். முறையே 2 லட்சம், 1.5 லட்சம், 1 லட்சம் ரூபாய் உதவித்தொகை. இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பரிந்துரை போய்ச்சேர வேண்டும். அடுத்து, சீருடைப் பணியாளர் ஒருவர் கடமை நேரத்துக்கு வெளியே செய்த செயலுக்குத்தான் இதைப் பெறலாம். தீயணைப்போர் ஒருவர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது ஆற்றில் குதித்து ஒரு குழந்தையைத் தூக்கினால் இந்தப் பதக்கம் பொருந்தும். வண்டியில் வந்து தூக்கினால் பொருந்தாது. கடமையில் காட்டிய வீரத்துக்குக் குடியரசுத் தலைவரின் பதக்கங்கள் தனியே உள்ளன. முன்பு காவலுக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று என்று பல பெயர்களில் இருந்தவை 2024 முதல் ஒரே வரிசைக்குள் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. அது முழுக்கத் துறையின் வேலை. சங்கம் அதில் தலையிட வழியில்லை.

சாலை விபத்தில் அடிபட்டவரைப் பொன்னான முதல் மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கான மத்திய அரசின் வெகுமதி 5,000 ரூபாயாக இருந்து, 2025இல் 25,000 ஆக உயர்த்தப்பட்டது. அவரைக் காவல் நிலையத்துக்கு அலைக்கழிக்கக் கூடாது என்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. உங்கள் நிகழ்வுக்கு இது பொருந்தாது. ஆயினும் விழா மேடையில் யாராவது இதைச் சொன்னால் நல்லது, ஏனென்றால் இன்னும் பலர் "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று ஒதுங்கித்தான் போகிறார்கள்.

இப்போது எனக்கு உறுத்தலாக இருக்கும் பகுதிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் தீயணைப்போரைப் பற்றி நான்கு வரிகள் இருந்தன. 108 ஊழியர்களைப் பற்றி அரை வரி. வழக்கமாக நடப்பது இதுதான். தமிழகத்தில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசின் திட்டம்தான், ஆனால் வண்டியை ஓட்டுபவரும் உள்ளே இருக்கும் மருத்துவ உதவியாளரும் அரசு ஊழியர்கள் அல்லர். நடத்தும் நிறுவனத்தின் பணியாளர்கள். ஓட்டுநரை அவர்கள் 'பைலட்' என்பார்கள். சீருடை அணிந்திருந்தும் சீருடைப் பணியாளர் பதக்கங்கள் எதிலும் அவர்கள் பெயர் வராது. ஏப்ரல் 2 மருத்துவ உதவியாளர் நாள், மே 26 பைலட் நாள் என்று அவர்களுடைய நிறுவனம் கொண்டாடுகிறது. வெளியே அது பலருக்குத் தெரியாது. ஓடும் வண்டியில் பிரசவம் பார்த்துத் தாயையும் சேயையும் ஒப்படைத்துவிட்டு, வண்டியைக் கழுவி, அடுத்த அழைப்புக்குப் போகிறவர்கள் அவர்கள். உங்கள் சங்கத்தால் ஆகக்கூடியது: குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் மாவட்ட ஆட்சியர் வழங்கும் பாராட்டுச் சான்றிதழுக்கு அவர்கள் பெயரையும் எழுதிக் கொடுங்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் துறைகள் அனுப்புவதை வைத்தே தயாராகும். துறை இல்லாதவர்களுக்காக வெளியிலிருந்து யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

புயல் காலத்து மின்வாரியப் பணியாளர்களும் இப்படித்தான். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, வெளிமாவட்டங்களிலிருந்து லாரிகளில் வந்திறங்கி, நீர் நிற்கும் வயல்களில் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டவர்களுக்கு ஊர்க்காரர்கள் சோறு ஆக்கிப் போட்டார்கள். அந்தச் சோற்றுக்கு மேலான மரியாதை எதுவும் அவர்களில் பலருக்குக் கிடைத்ததாக நான் பார்க்கவில்லை.

சீருடையும் சம்பளமும் இல்லாமல் முதலில் வந்து நிற்பவர்கள் இன்னொரு வகை. பேரிடர் மேலாண்மைக் கோப்புகளில் அவர்களை 'முதல்நிலைப் பொறுப்பாளர்கள்' என்று எழுதுவோம். ஊரில் அவர்கள் பெயர் வெறுமனே 'நம்ம பசங்க'. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கியபோது, அதிகாரிகளும் ஹெலிகாப்டர்களும் வருவதற்கு முன்பே மலைக்கு ஓடி, போர்வைகளில் தொட்டில் கட்டிக் காயமுற்றவர்களை இறக்கத் தொடங்கியவர்கள் அந்த ஊர் மக்கள். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் சென்ற ஹெலிகாப்டர், குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தபோதும் முதலில் வாளிகளில் தண்ணீரோடு ஓடியது அந்தச் சிற்றூர்தான். தூக்குப்படுக்கை இல்லாத இடத்தில், அவரவர் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றில் வைத்துத்தான் எரிந்த உடல்களையும் உயிர் இருந்தவர்களையும் சாலைக்குத் தூக்கிவந்தார்கள். மலையில் டிசம்பர் குளிர் எப்படிப்பட்டது என்பது நீலகிரியில் ஓர் இரவாவது தங்கியவர்களுக்குத் தெரியும்.

அதன் பின் நடந்த மரியாதையை நான் ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்கிறேன். சில நாள்களில் தமிழகக் காவல்துறைத் தலைமை இயக்குநர் அங்கே போய் மக்களுக்குப் புதுப் போர்வைகளை வழங்கினார். இராணுவத்தின் தென்பிராந்திய அதிகாரியும் நேரில் போய் நன்றி சொன்னதோடு, உணவுப்பொருள்களும் போர்வைகளும் கொடுத்து, அந்த ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுப்பதாகவும், மாதந்தோறும் மருத்துவரும் செவிலியரும் வந்து பார்ப்பார்கள் என்றும் அறிவித்தார். மக்கள் இழந்த பொருள் எது என்று கவனித்து அதையே திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று யோசித்து மருத்துவ வசதியைச் சேர்த்தார்கள். பக்கத்துத் தெரு இளைஞர்களிடமும் முதலில் இதைக் கேளுங்கள்: அன்றிரவு அவர்களுக்கு என்ன போனது? கைபேசி நனைந்திருக்கலாம், கையில் தீக்காயம் பட்டு ஒரு வாரக் கூலி போயிருக்கலாம், கதவை உடைத்ததற்காக வீட்டுக்காரரோடு மனத்தாங்கல்கூட இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் கேடயத்தை நீட்டினால் அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

முடிவைப் பார்த்து மதிப்பிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. காப்பாற்றப்பட்டவர் பிழைத்தால்தான் விழா. 2021 நவம்பர் மழையில் சென்னை டி.பி.சத்திரம் காவல் நிலையத்தின் பெண் ஆய்வாளர், கல்லறைத் தோட்டத்தில் மயங்கிக் கிடந்த இளைஞரைத் தோளில் தூக்கிச் சென்று ஆட்டோவில் ஏற்றிய காட்சியை நாடே பார்த்தது. முதலமைச்சர் அவரை அழைத்துப் பாராட்டினார். அந்த இளைஞர் பின்னர் மருத்துவமனையில் இறந்துவிட்டார் என்பது பலருக்கு நினைவில்லை. அதனால் அந்த ஆய்வாளர் தூக்கிய எடை குறைந்துவிடுமா? 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தின் பழைய கட்டடமான கலாஸ் மஹாலில் தீயை அணைக்க உள்ளே போனவர்கள் மீது கூரை சரிந்து ஒரு தீயணைப்போர் உயிரிழந்தார். கோட்ட அலுவலராக இருந்த பெண் அதிகாரி படுகாயமடைந்தார். கட்டடமும் தீயில் பெரிதும் சிதைந்தது. 2020 தீபாவளி நாளில் மதுரை தெற்கு மாசி வீதிப் பகுதியில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கையில் பழங்கட்டடம் இடிந்து இருவர் மாண்டார்கள். இறந்தவர்களின் குடும்பங்களை, நிகழ்வு நடந்த ஆண்டில் மட்டுமல்லாமல் ஐந்து, ஆறு ஆண்டுகள் கழித்தும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்கும் ஊர்ச்சங்கம் எதையாவது கண்டால் நானே போய் வாழ்த்துவேன்.

பரிந்துரைத் தாளுக்கு வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். நாள், நேரம், இடம். தீ எங்கே தொடங்கியது, மாடியில் எத்தனை பேர் இருந்தார்கள், படிக்கட்டில் புகை எந்த அளவுக்கு இருந்தது. யார் எந்த வழியாக ஏறினார், எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் யாரைக் கொண்டுவந்தார். அவருக்கு என்ன காயம். காப்பாற்றப்பட்டவரின் வாக்குமூலம் ஒன்றும் கண்ணால் பார்த்தவர்கள் இருவரின் கையொப்பமும் இருக்கட்டும். தீயணைப்பு நிலையத்தில் தீ அறிக்கை இருக்கும், காவல் நிலையத்தில் தகவல் பதிவாகியிருக்கும், மருத்துவமனையில் சேர்க்கைச் சீட்டு இருக்கும்; இவற்றின் நகல்களை இணையுங்கள். நாளிதழ் நறுக்கு இருந்தால் நல்லது, ஆனால் அதையே முழு ஆதாரமாக நம்பாதீர்கள். செய்தியில் பெயர் தவறாக அச்சாகி, அதே தவறு சான்றிதழ்வரை போனதைப் பார்த்திருக்கிறேன். வீடியோ எடுத்தவர் யாரென்று கண்டுபிடித்து, அது அழிந்துபோவதற்கு முன் வாங்கி வையுங்கள். எல்லாவற்றையும் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மாநில அரசின் விருதுகளுக்கான இணையதளத்திலும் பதியுங்கள். குடியரசு நாள் பதக்கத்துக்குப் பெரும்பாலும் டிசம்பர் நடுவிலேயே கதவு அடைபட்டுவிடும்.

விழாவைப் பற்றி. அரசு ஊழியரை ஊரார் பாராட்டி விழா எடுப்பதற்கு நடத்தை விதிகளில் கட்டுப்பாடு உண்டு. முன் அனுமதி வேண்டும். பணமுடிப்போ தங்க மோதிரமோ கொடுத்து அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். மாவட்ட அலுவலருக்கு எழுதி அனுமதி பெறுங்கள். நிலைய அலுவலரின் பெயரை மட்டும் அழைப்பிதழில் போட்டுவிட்டு மற்றவர்களை 'குழுவினர்' என்று முடிக்காதீர்கள். முன்னணித் தீயணைப்போர், தீயணைப்போர், வண்டியை அந்தச் சந்துக்குள் பின்பக்கமாகவே நுழைத்த ஓட்டுநர் என்று ஒவ்வொருவர் பெயரும், அவர் அன்று செய்த வேலையும் அச்சில் வரட்டும். அந்தப் பட்டியலை நிலையமே தரும்.

மண்டபத்துக்கு அவர்களை வரவழைக்காமல், நீங்கள் நிலையத்துக்குப் போவதே முறை. நான் பார்த்த ஒரு விழாவில் தலைவர் உரை நீண்டுகொண்டே போக, நடுவில் தீ அழைப்பு வந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்தோடினார்கள். நாற்காலிகளில் சால்வைகள் மட்டும் கிடந்தன. தலைவர் அதற்குப் பிறகும் கால் மணி நேரம் பேசினார்.

நாள் பார்ப்பதாக இருந்தால் ஏப்ரல் 14 முதல் 20 வரை வரும் தீத்தொண்டு வாரம் பொருத்தமானது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சு மூட்டைகளோடு சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பலில் தீப்பிடித்து, அணைத்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்போர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். 14ஆம் நாள் காலை நிலையங்களில் அஞ்சலி நடக்கும், அதற்குப் பிறகு ஒரு நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 108 ஊழியர்கள், உங்கள் இளைஞர்கள் இருவர், காப்பாற்றப்பட்ட குடும்பம் என்று எல்லோரையும் அங்கேயே அழைத்துப் போங்கள். விழா நடக்கும்போது கண்காணிப்பு அறையில் ஒருவர் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவரால் எழுந்து வர முடியாது. அவருடைய சால்வையை அந்த அறைக்கே கொண்டுபோய்ப் போடுங்கள்.